எட்டு வாரக் கெடு

கெடு முடிகிற நாள் வந்தேவிட்டது. சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, நீச்சல் குளத்தில் பெற்றோர் கூட்டம்.

அந்தக் கெடுவை வைத்தது யார் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊசிதான். ரத்தப் பரிசோதனை லேப்பில் பொழுது விடிந்து பொழுது சாய்கிறவரை ஊர்க்காரர் கையில் குத்துகிற வேலை. அதனால் நாத்தனார் வைத்த பெயர் ஊசி. நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்றும் சொல்வார்கள். அவள் புருஷன் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறான். குஞ்சு குளுவான் முதல் அவர்களைப் பெற்றவர்கள் வரை எல்லோருக்கும் அவன் கோச். குளத்தை நடத்துகிறவள் கோச்சின் கூடப் பிறந்த அக்கா, அந்த நாத்தனார்தான்.

எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் அம்மா, கோச்சின் முழங்கையிலும் முதுகிலும் சிவந்து தடித்து வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிற தோலைப் பார்த்துவிட்டாள். பெண்ணைத் தண்ணீரிலிருந்து தூக்கித் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். மறுநாளே கோச்சை மாற்றச் சொல்லி இருபத்து மூன்று கையெழுத்தோடு கடிதம் வந்தது. அதற்காகக் கூட்டிய கூட்டத்தில் ஊசி சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? எழுந்து நின்று, "இது சோரியாசிஸ், ஒட்டாது. சாப்பாட்டுலயே நான் சரி பண்ணிடறேன். எட்டு வாரம் குடுங்க, சுத்தமா போயிடும், நான் கியாரண்டி" என்று வாயை விட்டாள்.

கொடுத்தார்கள். அதுவரை கோச் கரையில் நின்று விசில் ஊதலாம், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

இன்று காலை அவன் சட்டை மாற்றும்போது ஊசி பார்த்தாள். முதுகில் இருந்தது இடுப்பைச் சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தது. சாயங்காலம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

"என்ன பாக்கறே?" என்றான் கோச்.

"ஒண்ணும் இல்ல. சாப்பிட வாங்க."

மேஜையில் வேகவைத்த பூசணிக்காய். பக்கத்தில் எடை பார்க்கிற சின்னத் தராசு. ஃபிரிட்ஜ் கதவில் ஊசியின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பட்டியல்: கோதுமை கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, குடைமிளகாய் கூடாது, சர்க்கரை கூடாது. எல்லாம் ராத்திரி பகலாக வீடியோ பார்த்துச் சேர்த்தது. கடைசி வரியில் 'காபி?' என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அந்த ஒரு கேள்விக்குறியில்தான் கோச் காலையில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தான்.

"உப்பு போட்டியா?"

"அளவாப் போட்டிருக்கேன்."

"யாருக்கு அளவு? எறும்புக்கா?"

"நாக்கு கேக்கறதெல்லாம் குடுத்தா தோல் எப்படி அடங்கும்?"

"ரெண்டு மாசமாக் குடுக்கலையே. அடங்கிடுச்சா?"

ஊசி இன்னொரு துண்டு பூசணிக்காயை எடுத்துத் தராசில் வைத்தாள். அந்தக் கேள்வி அவளையே தின்றுகொண்டிருந்தது. இத்தனை பத்தியம் இருந்தும் ஏன் குறையவில்லை?

பத்து மணிக்குத் தோல் டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு சாப்பாட்டு நோட்டு எழுதச் சொல்லியிருந்தாள். வாயில் போடுகிற ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே எழுத வேண்டும், தோல் எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். கோச் எழுதுவான். ராத்திரி ஊசி சிவப்புப் பேனாவில் கையெழுத்துப் போடுவாள், வீட்டுப்பாடம் திருத்துகிற டீச்சர் மாதிரி.

காத்திருக்கிற இடத்தில் ஊசி நோட்டைப் புரட்டினாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். எத்தனை வீட்டில் இப்படி ஒழுங்காக எழுதுவார்கள்?

பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'மதியம்: வீட்டு டப்பா. வேகவைத்த மீன், பீன்ஸ், தினை. முழுவதும் சாப்பிட்டேன். பீன்ஸ் நன்றாக வெந்திருந்தது.'

அந்தச் செவ்வாய் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காலை அவசரத்தில் ரெண்டு டப்பாவையும் தன் பையிலேயே போட்டுக்கொண்டு லேப்புக்குப் போய்விட்டாள். பதினொரு மணிக்குப் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அவன் டப்பாவை லேப்பைக் கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்தாள். அன்று முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை. சாயங்காலம் அவன் திட்டுவான் என்று பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், என் மனசு நோகக் கூடாதென்று பொறுத்துக்கொண்டார் என்று நினைத்து அவள் குளியலறையில் போய் அழுதுகூட இருந்தாள்.

இப்போது பார்த்தால், வராத டப்பாவில் வெந்த பீன்ஸுக்கு நற்சான்று! கீழே சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து. படிக்காமலேயே போட்டிருக்கிறாள். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"கோச் யாருங்க? உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா அவனை எடை பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பிறகு மறுபடி எடை மெஷினைப் பார்த்தாள்.

"எட்டு வாரமா வேகவெச்ச காயும் மீனும். ஆனா ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க. எப்படி?"

"உடம்பு வாகு டாக்டர்" என்றான் கோச்.

"உடம்பு வாகா?" ஊசி நோட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தில் விரலை ஊன்றினாள். "அந்தச் செவ்வாக்கிழமை உங்க டப்பா எங்கிட்ட இருந்துச்சு. லேப்ல. நீங்க எந்த பீன்ஸத் தின்னீங்க? சொல்லுங்க, டாக்டரும் கேக்கட்டும்."

கோச்சின் முகம் செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த தோல் படத்தைப் பார்த்தான்.

"பொரிச்ச கோழி" என்றான்.

"அன்னைக்கு மட்டுமா?"

"தினமும்."

"குடிக்கறதும் உண்டா?" என்றாள் டாக்டரம்மா, குரலை உயர்த்தாமல்.

"பீர். ரெண்டு."

"வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

ஊசி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "பாத்தீங்களா டாக்டர்? நான் கெடந்து சாகறேன், இவரு..."

"நீங்க உக்காருங்கம்மா. உங்களுக்கும் இருக்கு." டாக்டரம்மா நோட்டுக்குள் இருந்த அவளுடைய பட்டியலின் நகலை எடுத்தாள். "கோதுமைய யார் நிறுத்தச் சொன்னது?"

"வீடியோல..."

"கோதுமை ஒத்துக்காதவங்கள ரத்தத்துலயே கண்டுபிடிக்கலாம். நீங்க லேப்ல வேலை பாக்கறவங்க. அந்த டெஸ்ட் எடுத்தீங்களா?"

ஊசி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாலு, முட்டை, தக்காளி, உருளைக்கிழங்கு. எல்லாம் ஒரே நாள்ல கட். நாளைக்கே குறைஞ்சாலும் எதனால குறைஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? பத்து பேரு ரத்தத்த ஒரே டியூப்ல ஊத்திட்டு யாருக்கு சர்க்கரைன்னு கேப்பீங்களா?" டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டினாள். "முதல் நாளே நான் சொன்னேன். எடை குறையணும், குடி நிக்கணும், எது மேல சந்தேகமோ அத மட்டும் சில வாரம் நிறுத்திப் பாருங்க, வித்தியாசம் இல்லைன்னா திரும்பச் சாப்பிடுங்கன்னு. காய், பழம், மீன், பருப்பு நிறைய. பொரிச்சது, இனிப்பு கம்மி. வயிறு நிறையச் சாப்பிடணும். பட்டினி போட்டா மனுஷன் திருடித்தான் தின்னுவான்."

கோச் மெல்லச் சிரித்தான்.

"நீங்க சிரிக்காதீங்க. தோல் மாற ஒரு மாசம் ஆகும். உங்களுக்கு நாலு நாள்ல புதுசு மேல வந்துடுது. பழசு உதிர நேரமே இல்ல, அடுக்கடுக்காச் சேருது. உடம்போட எதிர்ப்பு சக்தி தேவையில்லாம தோல முடுக்கறதால வர்றது. நீங்க குடிக்கக் குடிக்க இன்னும் முடுக்கும்."

"சாப்பாட்ட ஒழுங்காப் பாத்தா முழுசாப் போயிடுமா?" என்றாள் ஊசி.

"முழுசாப் போற வியாதி இல்லம்மா இது. அடக்கி வைக்கலாம், நல்லாவே அடங்கும். கவலை, தொண்டைப் புண்ணு, தோல்ல ஒரு கீறல், எது வேணா திரும்பக் கிளப்பிவிடும். சாப்பாடு மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் கிடையாது."

ஊசி கெடு விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஒட்டாத வியாதிக்கு எதுக்கும்மா கெடு வெச்சீங்க? சரியானாத்தான் தண்ணில இறங்கலாம்னு அவங்க சொல்லல. நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

ஊசிக்கு நெஞ்சில் குத்தியது. நாளெல்லாம் ஊரைக் குத்துகிறவளுக்கு ஒரே குத்தில் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தாள்: இது தொற்று நோய் அல்ல, தண்ணீர் மூலமாகவோ தொடுவதாலோ பரவாது, இவர் குளத்தில் இறங்கத் தடை இல்லை. குளத்திலிருந்து ஏறியதும் உடம்பைக் கழுவி உடனே களிம்பு தடவ வேண்டும் என்று தனியாகச் சொன்னாள். வாரம் ஒருமுறை போடுகிற ஒரு மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, திங்கட்கிழமைக்குள்.

"வேற லேப்ல குடுக்கறேன்" என்றான் கோச் அவசரமாக.

"எந்த லேப்ல குடுத்தாலும் கல்லீரல் ஒண்ணுதான்" என்றாள் டாக்டரம்மா.

காரில் ஏறியதும் சண்டை ஆரம்பித்தது.

"பீன்ஸ் நல்லா வெந்திருந்துச்சாம்! அத எழுத எப்படிக் கை வந்துச்சு?"

"நீ எங்க படிக்கறே? 'இன்னைக்கு யானை தின்னேன்'னு எழுதினாலும் சிவப்புல கையெழுத்துப் போடுவே."

"கோழி யாரு வாங்கிக் குடுத்தா?"

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேக்கறேன்ல?"

"அக்கா."

ஊசி காரை நேராகக் குளத்துக்கு விட்டாள்.

குளத்து ஆபீஸில் அக்கா நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, கணீர்க் குரல். ஊசி நேராகப் போய் மூலையில் இருந்த சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டில் ஐஸ் பை. கீழ்த் தட்டில் பீர் கேன் ஆறு.

"அண்ணி, இது என்ன?"

"கண்ணு தெரியலையா?" என்றாள் அக்கா. "பசியில கண்ணு இருட்டுது அக்கான்னு வந்து நின்னான். வாங்கிக் குடுத்தேன். என் தம்பிக்கு நான் குடுப்பேன்."

"அவர் தோல் வெடிச்சு ரத்தம் வருது. படுக்கைய உதறறது நானு."

"பூசணிக்காயப் போட்டுத் தராசுல நிறுக்கறதும் நீதான். புருஷன்னு நினைச்சியா, ரத்த சாம்பிள்னு நினைச்சியா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்களேன்" என்றான் கோச்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நாலு மணிக்கு நீயே பேசு. நல்லா குறைஞ்சுட்டு வருது, இன்னும் நாலு வாரம் குடுங்கன்னு கேளு. சட்டைய முழுக்கைல போட்டுக்கட்டும், யாருக்குத் தெரியப்போகுது? உனக்குத்தான் கியாரண்டி குடுக்கறது கைவந்த கலையாச்சே."

"நாலு வாரம் கழிச்சு?"

"அப்ப பாத்துக்கலாம்."

ஊசி புருஷனைப் பார்த்தாள். கையில் இருந்த டாக்டரின் கடிதத்தை நீட்டினாள். "இதப் படிச்சாப் போதும். நாலு வாரமெல்லாம் வேண்டாம்."

கோச் தலையாட்டினான். "நாலு வாரம்னே சொல்லு. போகவே போகாதுன்னு அத்தனை பேரு முன்னாடி சொல்லாதே. கெஞ்சிக் கேக்கறேன். சொல்லாதே."

நாலு மணிக்குக் குளத்தோரம் நாற்காலி நிறைந்துவிட்டது. நாற்பது பேர் இருப்பார்கள். ஈரத் தலையோடு பிள்ளைகள் பின்னால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மா, மடியில் அந்த இருபத்து மூன்று கையெழுத்துக் கடிதத்தின் நகலோடு. கோச் முழுக்கைச் சட்டையில் சுவரோரம் நின்றான். உச்சி வெயிலில் நின்றவன் போல வேர்த்துக்கொட்டியது அவனுக்கு.

ஊசி எழுந்தாள். 'இன்னும் நாலு வாரம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக.

"எட்டு வாரம் ஆச்சு. போச்சா, இல்லையா?" என்றாள் முதல் வரிசை அம்மா, அவளை முந்திக்கொண்டு. "சட்டையக் கழட்டச் சொல்லுங்க, பாத்துடலாம்."

அந்தக் குரலைக் கேட்டதும் ஊசிக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மாட்டுச் சந்தையா இது, பல்லைப் பிடித்துப் பார்க்க?

"போகல" என்றாள். "போகாது. வரும், அடங்கும், திரும்ப வரும். சாப்பாட்டுல போயிடும்னு நான் சொன்னது பொய். தெரியாமச் சொன்ன பொய், ஆனா பொய்தான். ஆனா ஒட்டாதுன்னு சொன்னேன் பாருங்க, அது அன்னைக்கும் நிஜம், இன்னைக்கும் நிஜம். இந்தாங்க டாக்டர் லெட்டர்."

கடிதம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. சலசலப்பு எழுந்தது.

"அப்ப எட்டு வாரமா எங்கள ஏமாத்தினீங்களா?" என்றார் ஒரு அப்பா.

"ஆமா."

"ஒட்டாதுன்னு எப்படி நம்பறது?"

ஊசி ரவிக்கைக் கையை மேலே ஏற்றி ரெண்டு கையையும் நீட்டினாள். "பதினோரு வருஷமா ஒரே படுக்கை. ஒரே துண்டு, ஒரே சோப்பு. தினமும் இந்தக் கையாலதான் அவர் முதுகுல களிம்பு தடவறேன். வந்து பாருங்க. ஒரு புள்ளி இருக்கா?"

முதல் வரிசை அம்மா நிஜமாகவே எழுந்து வந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஊசியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

அதோடு ஊசி நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாய் சூடானால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது.

"பத்தியம் இருந்தும் ஏன் குறையலன்னு கேப்பீங்க. எங்க இருந்தார்? நான் வேகவெச்ச காய எழுதி வெச்சுட்டு, இங்க வந்து தினமும் பொரிச்ச கோழி! வராத பீன்ஸ, நல்லா வெந்திருந்துச்சுன்னு எழுதியிருக்கார்!"

பீர் நாக்கு நுனி வரை வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

பின்வரிசைப் பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். சிரித்ததும் இறுக்கம் தளர்ந்தது. வேறொரு அப்பா, "கோழி தின்னாதவன் யாரு சார்? என் பையன் திங்கக்கிழமை வருவான்" என்றார். இன்னொருத்தர் கை தூக்கினார். ஒவ்வொரு கையாக எழுந்தது. முதல் வரிசை அம்மா கை தூக்கவில்லை. "என் பொண்ணும் வருவா. ஆனா நான் கரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

அக்கா வேண்டாவெறுப்பாக எழுந்தாள். "சரி. திங்கக்கிழமையிலேர்ந்து கோச் தண்ணில இறங்குவார்."

கை தட்டினார்கள். ஊசி சந்தோஷமாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கோச் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு, கார் நிறுத்துகிற இடத்தில் அவள் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். அவன் ஏறவில்லை.

"குளத்தத் திரும்ப வாங்கிக் குடுத்துட்டே. ரொம்ப நன்றி" என்றான்.

"பின்ன? இன்னும் நாலு வாரம் பொய் சொல்லியிருக்கணுமா?"

"பொய் வேண்டாம். வியாதியச் சொன்னே, சரி. கோழிய எதுக்குச் சொன்னே? எங்கிட்ட நீஞ்சக் கத்துக்கற பசங்க சிரிக்குதுங்க."

"வாயில வந்துடுச்சு."

"உனக்கு வாயில வரும். எனக்கு வாயில போறதெல்லாம் கணக்கு." அவன் கார்க் கதவைச் சாத்தினான். "ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, யாரும் பாக்காம உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான். நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

ஊசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போங்க. தாராளமாப் போங்க. அங்கதான் ஃபிரிட்ஜ் நிறைய இருக்கே. திங்கக்கிழமை ரத்தம் மட்டும் குடுத்துடுங்க, எந்த லேப்ல வேணாலும்."

அவன் நடந்து போய் அக்காவின் கார் பக்கம் நின்றான். அக்கா சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை பையிலேயே நின்றுவிட்டது.

"என் வீட்டுக்கா? வாயேன், தாராளமா வா. யாரு வேண்டாம்னா?" அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கட்டில் வேண்டாம், சோபால படுத்துக்கோ. பழைய போர்வை ஒண்ணு கெடக்கு, அத விரிச்சுக்கலாம். துவைக்கக்கூட வேண்டாம். நீ போனதும் அப்படியே தூக்கிப் போட்டுடறேன்."

பத்தடி தள்ளி நின்ற ஊசிக்கே அது தெளிவாகக் கேட்டது. கோச்சுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவன் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வாய் வரை 'வாங்க' என்ற ஒரு வார்த்தை வந்தது. இன்றைக்குப் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை.

கோச் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு அக்காவின் காரில் ஏறினான்.